ஒரே காடு, இருவேறு ஆயுள்

பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஓடும் எல்லைக்கோடு ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் பெரும்பகுதி காட்டுக்குள்தான் செல்கிறது. கோட்டுக்கு மேற்கே நிற்கும் பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் கிழக்கேயும் நிற்கின்றன. ஏரிகள், ஏரி மீன்கள், நீண்ட பனிக்காலம், காளான்கள், காட்டுப் பெர்ரிகள் எல்லாம் இரு பக்கத்துக்கும் பொது. 1960களின் நடுவில் இரு பக்கத்து ஆண்களின் ஆயுளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. பின்லாந்தில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுட்காலம் சுமார் 66 ஆண்டு. ரஷ்யாவில் சுமார் 64.

முப்பது ஆண்டு கழித்து, 1994இல், பின்லாந்து ஆண்களின் சராசரி ஆயுட்காலம் ஏறக்குறைய 73 ஆண்டாக உயர்ந்திருந்தது. ரஷ்ய ஆண்களுக்கோ அது 57.6 ஆண்டாக இறங்கியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் எல்லைக்கு இருபுறமும் பதினைந்து ஆண்டு வித்தியாசம். இவ்வளவு பெரிய சரிவை விளக்கும் அளவுக்கு ரஷ்யாவில் போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ அந்தக் காலத்தில் வரவில்லை. வீட்டிலும் தொழிற்சாலையிலும் நடமாடிக்கொண்டிருந்த நடுவயது ஆண்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில் ரஷ்யப் பெண்களின் ஆயுட்காலம் 71. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இத்தனை பெரிய ஆயுள் இடைவெளி வேறெங்கும் பதிவாவது அரிது.

அவர்களைக் கொன்றது எது? இந்தக் கேள்விக்கு விடை தேட அறிவியல் கையாண்ட வழிகளில் எளிமையானது, அண்டை வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு நாட்டை மட்டும் பார்த்தால் அங்கே நடப்பதெல்லாம் இயற்கை என்றும் விதி என்றும் தோன்றிவிடும். தட்பவெப்பத்திலும் வாழ்க்கைமுறையிலும் நெருக்கமான இன்னொரு நாட்டைப் பக்கத்தில் வைக்கும்போதுதான், எது விதி, எது மனிதர் செய்தது என்பது பிரியத் தொடங்குகிறது.

ஒப்பிடுமுன் தாண்ட வேண்டிய இரண்டு தடைகள்

முதல் தடை வயது. பின்லாந்தில் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்குச் சுமார் பத்துப் பேர் இறக்கிறார்கள். வங்கதேசத்தில் ஆயிரத்துக்கு ஐந்தாறு பேர்தான். இதை வைத்து வங்கதேசம்தான் ஆரோக்கியமான நாடு என்று சொல்லிவிட முடியுமா? பின்லாந்தில் முதியவர்கள் அதிகம்; முதியவர்கள் இறப்பது இயல்பு. வங்கதேசம் இளைஞர்களின் நாடு. ஆகவே மொத்த இறப்பு எண்ணிக்கையை அப்படியே எடுத்து ஒப்பிடக்கூடாது.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நேர்த்தியான அளவையை வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதை எட்டிய நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய இறப்பு விகிதம் அப்படியே நீடித்தால், அவர்களில் எத்தனை பேர் அறுபதாவது பிறந்தநாளைக் காணாமல் போவார்கள்? குழந்தை மரணமும் முதுமை மரணமும் இந்தக் கணக்கில் சேராது. சம்பாதித்து, பிள்ளை வளர்த்து, பெற்றோரைத் தாங்கும் வயதில் நேரும் மரணங்கள் மட்டும் எஞ்சும். 2000களின் நடுவில் பின்லாந்து ஆண்களில் இந்த எண்ணிக்கை நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்தது. ரஷ்ய ஆண்களில் நாற்பதைத் தாண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் படித்தால் அவற்றின் கனம் புரியும்.

இரண்டாவது தடை இறப்புச் சான்றிதழ். மரணக் காரணங்களை உலகம் முழுவதும் ஒரே பட்டியலின்படி வகைப்படுத்தும் முயற்சி 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியலிலிருந்து தொடங்குகிறது. இன்று உலக சுகாதார நிறுவனம் பராமரிக்கும் பன்னாட்டு நோய் வகைப்பாடு அதன் வழித்தோன்றல்தான். பட்டியல் பொதுவானது, அதை நிரப்பும் கைகளோ வேறு வேறு. நடுவயது மனிதர் ஒருவர் காலையில் படுக்கையில் இறந்து கிடக்கிறார். ஒரு நாட்டின் மருத்துவர் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பி ரத்தத்தில் ஆல்கஹால் அளவையும் பார்க்கிறார். இன்னொரு நாட்டின் மருத்துவர் ‘இதய நோய்’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். பின்லாந்து ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பிரேதப் பரிசோதனை செய்யும் நாடுகளில் ஒன்று. சோவியத் ஒன்றியமோ 1970களின் நடுவிலிருந்து இறப்புப் புள்ளிவிவரங்களை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. 1980களின் இறுதியில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது.

ஆக, சான்றிதழில் எழுதப்பட்ட பெயரை அப்படியே நம்பி ஒப்பிட முடியாது. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தேட வேண்டும். இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி அந்தத் தேடலைப் பற்றியது.

மேற்கே: வெண்ணெயும் புகையும்

முதலில் பின்லாந்தின் கதை. 1960களில் இதய நோயால் ஆண்கள் இறக்கும் விகிதத்தில் உலகிலேயே முன்னணியில் நின்ற நாடு அது. அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிழக்குப் பின்லாந்து ஆண்களுக்கு இதயத் தமனி நோய் மிக அதிகமாகவும் கிரேக்கத்தின் கிரீட் தீவு ஆண்களுக்கு மிகக் குறைவாகவும் இருந்தது. கிழக்குப் பின்லாந்திலும் ரஷ்ய எல்லையை ஒட்டிய வடக்கு கரேலியாவின் நிலைதான் மோசம். மரம் வெட்டுபவர்களும் சிறு விவசாயிகளும் வாழ்ந்த, உடலுழைப்புக்குப் பேர்போன பகுதி. அங்கே பல குடும்பங்கள் திடீரென ஓர் ஆணைப் பறிகொடுத்திருந்தன.

1971 ஜனவரியில் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகள் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார்கள்: ஏதாவது செய்யுங்கள். 1972இல் வடக்கு கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவரது குழு முதலில் மக்களை அளந்தது. சராசரி ஆணின் ரத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 270 மில்லிகிராமை ஒட்டி இருந்தது. இன்று 200ஐத் தாண்டினாலே மருத்துவர் எச்சரிக்கிறார். அங்கே ஊரின் சராசரியே 270. ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். ரொட்டிக்கு வெண்ணெய், காப்பிக்குப் பாலாடை, குடிக்கக் கொழுப்பு நீக்காத பால், குழம்பில் கொழுத்த பன்றி இறைச்சி, எல்லாவற்றிலும் உப்பு. போருக்குப் பிந்தைய வறுமையிலிருந்து மீண்ட மக்களுக்கு வெண்ணெய் என்பது வளத்தின் அடையாளம். காய்கறி மாட்டுக்கானது என்று கருதிய ஊர் அது.

திட்டம் மருத்துவமனைக்குள் அடைந்து கிடக்கவில்லை. மார்த்தா சங்கம் என்ற இல்லத்தரசிகள் அமைப்பு கிராமம் கிராமமாக விருந்து வைத்து, அதே உள்ளூர்ச் சமையலைக் கொழுப்பும் உப்பும் குறைத்து எப்படிச் செய்வது என்று காட்டியது. செவிலியர்கள் ரத்த அழுத்தத்தை அளந்து தொடர்ந்து கவனித்தார்கள். இறைச்சித் தொழிற்சாலைகளிடம் பேசி சாஸேஜில் கொழுப்பைக் குறைக்கச் செய்தார்கள். பால் பண்ணைத் தொழில் எதிர்த்தது. வெண்ணெய்தான் அந்தப் பகுதியின் பிழைப்பு. அதனால் விவசாயிகளைப் பெர்ரிப் பயிருக்கு மாற்ற உதவும் தனித் திட்டம் ஒன்றும் கொண்டுவரப்பட்டது. வடக்கே விளையும் கடுகினப் பயிரிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கும் தொழில் வளர்ந்தது. யார் கொலஸ்ட்ராலை அதிகம் குறைப்பது என்று கிராமங்களுக்கிடையே போட்டிகளும் நடந்தன.

நாற்பது ஆண்டில், 35 முதல் 64 வயது வரையிலான வடக்கு கரேலியா ஆண்களின் இதயத் தமனி நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அறிவியல் நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக்காகப் பக்கத்து மாகாணமான குவோப்பியோவைத் திட்டத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். அங்கேயும் மரணம் பெரிதும் குறைந்தது. திட்டத்தின் பயன் எவ்வளவு என்று சந்தேகித்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் வானொலியும் தொலைக்காட்சியும் கடை அலமாரியும் மாகாண எல்லையை மதிப்பதில்லை. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அதே மாற்றத்துக்குள் வந்துவிட்டது. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகிய மூன்றின் குறைவே மரணக் குறைவின் பெரும்பங்கை விளக்குகிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. மீதியில் ஒரு பகுதி சிகிச்சையின் முன்னேற்றத்தைச் சேரும்.

கிழக்கே: பொருந்தாத கணக்கு

சோவியத் ஒன்றியம் கலைந்ததும் பின்லாந்து ஆய்வாளர்கள் எல்லையைத் தாண்டினார்கள். லடோகா ஏரிக்கரையில் பிட்கேரந்தா என்ற ரஷ்ய மாவட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வரை அது பின்லாந்துக்குச் சொந்தமாக இருந்தது. 1992இலிருந்து வடக்கு கரேலியாவிலும் பிட்கேரந்தாவிலும் ஒரே முறையில், ஒரே கருவிகளைக் கொண்டு மக்களை அளந்து ஒப்பிட்டார்கள்.

கிடைத்த விடை குழப்பமாக இருந்தது. ரஷ்ய ஆண்கள் மிக அதிகமாகப் புகைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களின் கொலஸ்ட்ரால் பின்லாந்து ஆண்களைவிட அதிகமாக இல்லை. பின்லாந்தைக் கொன்றுகொண்டிருந்த முக்கியக் குற்றவாளி ரஷ்யப் பக்கத்தில் பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துச் சான்றிதழ்களில் ‘இதய, ரத்தநாள நோய்’ என்ற சொற்கள் குவிந்து கிடந்தன. ஒரே பெயர் கொண்ட மரணம், வேறு ஏதோ காரணத்தால் நேர்ந்துகொண்டிருந்தது.

துப்பு கிடைத்தது, அதற்குச் சில ஆண்டு முன்பு நடந்த ஒரு அரசியல் முடிவிலிருந்து. 1985 மே மாதம் சோவியத் தலைவர் மிகயீல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். ஓட்கா உற்பத்தி வெட்டப்பட்டது, விலை ஏறியது, கடை நேரம் சுருங்கியது. மால்டோவாவிலும் ஜார்ஜியாவிலும் திராட்சைத் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. மக்கள் வெறுத்தார்கள். வீட்டில் காய்ச்சும் சாராயம் பெருகியதால் கடைகளில் சர்க்கரை தீர்ந்துபோனது. அரசு வருமானம் சரிந்தது. 1988 வாக்கில் இயக்கம் ஓய்ந்தது.

ஆனால் இறப்புப் பதிவேடு வேறொரு சேதியை எழுதிக்கொண்டிருந்தது. 1984இல் 62ஐக்கூட எட்டாத ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 1987இல் ஏறக்குறைய 65 ஆனது. மூன்றே ஆண்டில் மூன்று ஆண்டு ஆயுள்! மருந்தோ மருத்துவமனையோ இவ்வளவு வேகமாக ஒரு பெரிய நாட்டின் ஆயுளைக் கூட்டுவது அரிது. பிறகு 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. மது மீதான அரசின் ஏகபோகமும் போனது. உணவு விலை எகிறியபோது ஓட்கா அந்த வேகத்தில் ஏறவில்லை. சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஓட்கா மலிவானது. 1994இல் ஆயுட்காலம் 57.6க்கு விழுந்தது.

புற்றுநோய் சொன்ன சாட்சி

இந்த ஏற்ற இறக்கம் உண்மைதானா, கணக்குக் கோளாறா என்ற ஐயம் எழுந்தது. சிதறிக்கொண்டிருந்த ஓர் அரசின் பதிவேடுகளை எப்படி நம்புவது? டேவிட் லியோன், விளதிமிர் ஷ்கோல்னிகோவ் முதலியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை கண்டது. கணக்கு கெட்டிருந்தால் எல்லா நோய்களின் எண்ணிக்கையும் சேர்ந்து ஆடியிருக்கும். ஆனால் புற்றுநோய் மரணம் பெரிதாக அசையவே இல்லை. மது விஷமேறி இறந்தவர்கள், விபத்து, கொலை, தற்கொலை, நுரையீரல் அழற்சி, இதய நோய் ஆகியவை மட்டும் 1985க்குப் பிறகு இறங்கி 1990களில் ஏறின. புற்றுநோய் வளர ஆண்டுகள் ஆகும். குடியின் அளவு திடீரென மாறினால் அது உடனே மாறாது. மற்றவை உடனே மாறும். பெரிய ஏற்ற இறக்கம் நடுவயதினரிடம்தான் இருந்தது. குழந்தைகளிடமும் மிக முதியவர்களிடமும் அவ்வளவு இல்லை.

மாஸ்கோவில் நடந்த இன்னொரு ஆய்வு கிழமைகளைப் பார்த்தது. மது விஷமேறி இறப்பவர்களின் எண்ணிக்கை சனி, ஞாயிறு, திங்களில் கூடுவது புரிந்துகொள்ளக்கூடியது. இதய நோய் என்று எழுதப்பட்ட மரணங்களும் அதே நாட்களில் கூடின. ரத்தக் குழாயில் கொழுப்பு படிவதற்கு வாரக் கடைசி தெரியாது. குடிப்பவருக்குத் தெரியும்.

சைபீரியாவின் பர்னாவுல் நகரத்தில் பதினைந்து ஆண்டுக் காலப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டியபோது, ரத்த ஓட்ட நோயால் இறந்ததாக எழுதப்பட்டவர்களில் பலரின் ரத்தத்தில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஆல்கஹால் இருந்தது தெரியவந்தது. ஒரே அமர்வில் அளவின்றிக் குடிப்பதும், நாள்கணக்கில் விடாமல் குடிப்பதும் ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கின்றன. காலப்போக்கில் இதயத் தசையையே நலிவடையச் செய்கின்றன. தமனி அடைபடாமலே இதயம் நின்றுவிடலாம். சிறிதளவு குடிப்பது இதயத்துக்கு நல்லது என்று அந்நாளில் பேசப்பட்ட பேச்சுக்கும் இந்த வகைக் குடிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

வீட்டுக்குச் சென்று கேட்டவர்கள்

சந்தேகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது, மிகப் பெரிய ஒரு விசாரணை. தாவித் ஸாரிட்ஸே தலைமையிலான குழு பர்னாவுல், பியஸ்க், தோம்ஸ்க் ஆகிய மூன்று நகரங்களில், 1990களில் இறந்த சுமார் 49,000 பேரின் வீடுகளுக்குச் சென்றது. இறந்தவர் வாரத்துக்கு எத்தனை பாட்டில் குடித்தார், புகைத்தாரா என்று மனைவியிடமும் பிள்ளைகளிடமும் உடன்பிறந்தோரிடமும் கேட்டது. 2009இல் முடிவு வெளிவந்தது. 15 முதல் 54 வயதுக்குள் இறந்த ஆண்களில் 59 சதவீதத்தினரின் மரணத்துக்கும், பெண்களில் 33 சதவீதத்தினரின் மரணத்துக்கும் மதுவே பொறுப்பு. உறுதிப்பட்ட மாரடைப்பு அல்லாத திடீர் இதய மரணம், குடியர்களிடையே மூன்று மடங்கு அதிகம். காசநோயும் நுரையீரல் அழற்சியும் கல்லீரல் நோயும் கணைய நோயும் அதே பட்டியலில் இருந்தன.

இறந்தவரைப் பற்றி நினைவிலிருந்து சொல்வதை நம்பலாமா என்று கேட்டவர்களுக்காக, அதே மூன்று நகரங்களில் உயிரோடு இருந்த 1,51,000 பேரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துப் பல ஆண்டு தொடர்ந்தார்கள். 2014இல் வந்த முடிவு முந்தையதை உறுதி செய்தது. புகைக்கும் ஆண்களில், வாரத்துக்கு ஒரு அரை லிட்டர் பாட்டிலுக்கும் குறைவாக ஓட்கா குடித்தவர்களில் 16 சதவீதம் பேர் 35க்கும் 55க்கும் இடையில் இறந்துபோகும் நிலையில் இருந்தார்கள். மூன்று பாட்டிலோ அதற்கு மேலோ குடித்தவர்களில் அது 35 சதவீதம்.

யூரல் மலைப்பகுதியின் இஷெவ்ஸ்க் நகரில் நடந்த ஆய்வு இன்னும் இருண்ட ஒரு மூலையைக் காட்டியது. அங்கே பலர் குடித்தது ஓட்காகூட அல்ல. வாசனைத் திரவம், மருந்துக்கடை டிங்க்சர், கிருமிநாசினி போன்றவை. வரியில்லாமல் விற்கப்பட்டதால் அவை ஓட்காவைவிட மலிவு. 25 முதல் 54 வயதுவரை இறந்த ஆண்களில் 43 சதவீதத்தினரின் மரணம் இவையும் அடங்கிய ஆபத்தான குடியோடு சேர்ந்ததாக 2007இல் கணக்கிட்டார்கள்.

சைபீரிய ஆய்வுகளில் பங்கேற்ற ஆக்ஸ்ஃபோர்டு புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவின் பெயர் தமிழகத்துக்கும் தொடர்புடையது. 1990களின் இறுதியில் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கஜலட்சுமி, அவருடன் சேர்ந்து, சென்னை நகரத்திலும் விழுப்புரம் கிராமங்களிலும் இதே போன்ற வேலையைச் செய்தார். இறந்தவரின் வீட்டுக்குச் சென்று கடைசி நாட்களின் அறிகுறிகளைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அதிலிருந்து மரணக் காரணத்தைத் தீர்மானிக்கும் முறையில் 80,000 பெரியவர்களின் மரணங்களை ஆராய்ந்தார்கள். 2003இல் வெளிவந்த அதன் ஒரு பகுதி, இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைபிடித்தலே காரணம் என்று காட்டியது. சான்றிதழில் ‘காசநோய்’ என்றுதான் இருக்கும். பீடி அதில் இருக்காது. ரஷ்யாவில் ஓட்கா மறைந்திருந்த அதே இடத்தில்தான் இங்கே பீடி மறைந்திருந்தது.

போலந்து எழுப்பிய கேள்வி

ரஷ்ய ஆண்களைக் கொன்றது மதுவே என்ற முடிவுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேலை போனது, சேமிப்பு கரைந்தது, நாடே உடைந்தது. மனிதர்கள் மனமுடைந்து இறந்தார்கள், குடி வெறும் அறிகுறி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவசரமாக நடந்த தனியார்மயமே உயிர்களைப் பறித்தது என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். இந்த வாதத்தை அலட்சியப்படுத்தக்கூடாது. கல்வி குறைந்தவர்களும் வேலையிழந்தவர்களுமே அதிகம் இறந்தார்கள் என்பது உண்மை.

இங்கே இன்னொரு அண்டை வீட்டைப் பார்க்க வேண்டும். போலந்திலும் கம்யூனிச ஆட்சி சரிந்தது. 1990 ஜனவரியில் ஒரே வீச்சில் சந்தைப் பொருளாதாரத்துக்குத் தாவியது அந்த நாடு; வேலையின்மை பெருகியது. ஆனால் 1991இலிருந்து போலந்தின் இதய நோய் மரணம் செங்குத்தாக இறங்கியது. ஆய்வாளர் விதோல்த் ஸடோன்ஸ்கியும் அவருடைய சகாக்களும் காரணம் தேடியபோது சமையலறையைத்தான் சுட்டிக்காட்டினார்கள். வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் அரசு கொடுத்துவந்த மானியம் நின்றது; தாவர எண்ணெய் மலிவாக வந்து குவிந்தது; பழங்கள் ஆண்டு முழுவதும் கிடைத்தன. 1995இல் வந்த கடுமையான புகையிலைச் சட்டம் அடுத்த படி. 1990இல் போலந்து ஆண்களின் ஆயுட்காலம் 66ஐ ஒட்டி இருந்தது; 2000களின் தொடக்கத்தில் 70ஐத் தொட்டது. அதே காலத்தில் ரஷ்யா 59க்குக் கீழே நின்றது.

ஆக, பொருளாதார அதிர்ச்சி துன்பத்தைத் தந்தது. அந்தத் துன்பம் மரணமாக மாறுவதா இல்லையா என்பதைக் கடையில் எது மலிவாகக் கிடைத்தது என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. துயருற்ற மனிதனுக்கு எட்டும் தூரத்தில் எதை வைக்கிறோம் என்பது அரசுகளின் பொறுப்பு.

நல்ல பிள்ளைக்கும் விலக்கில்லை

பின்லாந்தை நல்ல பிள்ளை என்று நிறுத்திவிடவும் முடியாது. 2004 மே மாதம் எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இருந்தது. படகில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்நாட்டுத் தாலின் நகரத்தில் மது மலிவு. மக்கள் அங்கே சென்று அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள், வரி வருமானம் போய்விடும் என்று அஞ்சிய பின்லாந்து அரசு, அந்த ஆண்டு மார்ச்சில் மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மது சம்பந்தப்பட்ட திடீர் மரணங்கள் முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் கூடின. அடுத்த ஆண்டு, வேலை செய்யும் வயதுப் பின்லாந்து ஆண்களின் மரணக் காரணங்களில் மது முதலிடம் பிடித்தது. முப்பது ஆண்டு பாடுபட்டு இதய நோயை அந்த இடத்திலிருந்து இறக்கிய நாட்டில் இது நடந்தது. பின்னர் வரி மறுபடி உயர்த்தப்பட்டது.

ரஷ்யாவும் பழைய இடத்திலேயே நிற்கவில்லை. 2000களின் நடுவிலிருந்து மது உற்பத்தியும் விற்பனையும் கண்காணிப்புக்குள் வந்தன. ஓட்காவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டது. இரவு விற்பனை தடை செய்யப்பட்டது. பீரும் சட்டப்படி மதுவானது. 2013இல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. 2003க்கும் 2016க்கும் இடையே ரஷ்யாவில் ஆளுக்கான மது நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2003இல் 58.5 ஆக இருந்த ஆண்களின் ஆயுட்காலம் 2019இல் 68ஐத் தாண்டியது. பதினாறு ஆண்டில் பத்து ஆண்டு ஆயுள். ஆனாலும் ஓட்டை முழுதும் அடைபடவில்லை. 2016 டிசம்பரில் இர்குத்ஸ்க் நகரத்தில் குளியலுக்கான திரவத்தைக் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தில் ஆல்கஹால்.

தீர்ப்பு

இந்த ஒப்பீடுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு உறுதியாகப் படுவது ஒன்றுண்டு. நடுவயது மரணத்தில் ‘இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ரஷ்ய ஆணின் உடலில் 1984இலும் 1987இலும் 1994இலும் ஓடியது ஒரே ரத்தம்தான். அந்தப் பத்தாண்டில் அவன் மரபணு மாறவில்லை, குளிர் மாறவில்லை. சட்டமும் விலையும் மாறின, ஆயுளும் அதோடு மாறியது. அவை மாறும்போது லட்சக்கணக்கான வீடுகளில் தகப்பன் இருப்பதும் இல்லாமல் போவதும் தீர்மானமாகிறது. இது தெரிந்த பிறகும் ‘குடிகாரர்கள் சாகிறார்கள்’ என்று கடந்துபோகும் அரசும் சமூகமும் அந்த மரணங்களில் பங்காளிகள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அறிவு முழுவதும், இறந்தவரைப் பற்றி உண்மை சொன்ன குடும்பங்களால் கிடைத்தது. கணவன் வாரத்துக்கு எத்தனை பாட்டில் குடித்தான் என்று அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்வது எந்த மனைவிக்கும் எளிதல்ல. சைபீரியப் பெண்கள் சொன்னார்கள். விழுப்புரத்துப் பெண்களும் தங்கள் வீட்டு மரணங்களைப் பற்றிச் சொன்னார்கள். இந்தியாவில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணத்தை எழுதிச் சான்றளிப்பது இன்றும் கால்பங்குக்கும் குறைவு. மீதியை வீடு வீடாகக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கள ஆய்வாளர் உங்கள் வாசலுக்கு வந்தால் உட்காரச் சொல்லுங்கள். குடியோ பீடியோ கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமோ, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இறந்தவருக்கு அதில் அவமானம் எதுவுமில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் ஆயுள் இருக்கிறது.